ஆறாத பாதப் புண்ணும் தட்டணுப் பிளாஸ்மாவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியின் ஒப்புதலோடு எழுதப்பட்டது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளி 58 வயது ஆண். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மாத்திரையில் இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்ததால் தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின். நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை.

வலது பாதத்தில், பெருவிரலின் அடிமூட்டுக்கு நேர் கீழே, நடக்கும்போது உடலின் எடை வந்து இறங்கும் இடத்தில், ஐந்து மாதமாக ஒரு புண். தொடக்கத்தில் அது வெறும் காய்ப்புதான். வீட்டிலேயே பிளேடால் சீவியிருக்கிறார். உணர்ச்சி மரத்த பாதம் என்பதால் பிளேடு எவ்வளவு ஆழம் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங், இடையிடையே ஆன்டிபயாட்டிக் என்று காலம் போயிருக்கிறது. டிரெஸ்ஸிங் முடிந்த கையோடு அதே செருப்பில் நடந்து வேலைக்குப் போவார். காலில் எடை இறங்காமல் பார்க்க ஏதேனும் ஏற்பாடு நடந்ததாகப் பழைய சீட்டுகள் எதிலும் இல்லை.

எங்களிடம் வரும்போதே ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டுதான் வந்தார். "பி.ஆர்.பி. போட்டுடுங்க டாக்டர். என் ரத்தத்துலயே மருந்து இருக்காமே."

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. தட்டணு, அதாவது பிளேட்லெட், ரத்தத்தை உறைய வைப்பதோடு நிற்பதில்லை. அதற்குள் இருக்கும் ஆல்ஃபா துகள்களில் பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா, வி.இ.ஜி.எஃப். போன்ற வளர்ச்சிக் காரணிகள் அடைபட்டிருக்கின்றன. புண் பட்ட இடத்தில் தட்டணு உடைந்ததும் அவை வெளியே வந்து, இணைப்புத் திசுவைக் கட்டும் செல்களை வரவழைக்கின்றன, புதிய ரத்த நாளங்கள் முளைக்கத் தூண்டுகின்றன. நோயாளியின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்து, தட்டணுக்களை இயல்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு செறிவாக்கிய பிளாஸ்மாதான் பி.ஆர்.பி. 1998இல் ராபர்ட் மார்க்ஸ் குழுவினர் தாடை எலும்பு ஒட்டுகளில் இதைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்ட பிறகு இது பல துறைகளுக்கும் பரவியது.

ஆனால் நாட்பட்ட புண் ஒரு விரோதமான இடம். அதன் கசிவில் புரதங்களைச் சிதைக்கும் எம்.எம்.பி. நொதிகள் மிகுந்திருக்கும். மேலே பாக்டீரியாக்கள் ஒட்டிப் பரவிய படலமும் இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் வளர்ச்சிக் காரணிகளை ஊற்றினால், வேலை செய்வதற்குள் அவை கரைந்துபோகும்.

முதல் பரிசோதனையில் கண்டவை

புண் 3.2 செ.மீ. நீளம், 2.6 செ.மீ. அகலம், ஆழம் 6 மி.மீ. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 8.3 சதுர செ.மீ. அடியில் மஞ்சள் படிவு, சுற்றிலும் தடித்த காய்ப்பு, ஓரங்கள் கசிவில் ஊறி வெளுத்திருந்தன. சுற்றுத்தோலில் பரவும் சிவப்போ சூடோ இல்லை, காய்ச்சல் இல்லை. நுனி மழுங்கிய கம்பியால் தொட்டுப் பார்த்ததில் எலும்பு தட்டுப்படவில்லை. 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையைப் பாதத்தில் எங்கே வைத்தாலும் அவருக்குத் தெரியவில்லை.

ரத்த ஓட்டத்தில் ஒரு சிக்கல். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் ஏ.பி.ஐ. 1.38 வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல எண் போலத் தோன்றும். ஆனால் நீண்ட நாள் சர்க்கரை நோயில் தமனிச் சுவர்களில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால், பட்டை கட்டி அழுத்தினாலும் தமனி மடங்காது, எண் பொய்யாக ஏறும். 1.3க்கு மேல் போன ஏ.பி.ஐ.யை நாங்கள் நம்புவதில்லை. எனவே கால்விரல் அழுத்தம் எடுத்தோம்: 58 மி.மீ. பாதரசம். 30க்குக் கீழே இருந்திருந்தால் பி.ஆர்.பி. பேச்சே எழாது, முதலில் ரத்த நாள நிபுணரிடம் போயிருக்க வேண்டும்.

எக்ஸ்-ரேயில் எலும்பு அரிப்பு இல்லை. எலும்பில் தொற்று தொடங்கி எக்ஸ்-ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் மறுபடி ஒரு படம் எடுக்கக் குறித்துவைத்தோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 9.8 சதவீதம், ஹீமோகுளோபின் 10.4 கிராம், தட்டணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 2.1 லட்சம்.

முதல் முடிவு: பி.ஆர்.பி. இப்போது வேண்டாம்

அவர் கேட்டு வந்ததை உடனே செய்யாமல் நான்கு வாரம் தள்ளிப்போட்டோம். செத்த சதையையும் காய்ப்பையும் வெட்டிச் சுத்தம் செய்வது, சர்க்கரையை இன்சுலினால் கட்டுப்படுத்துவது, புண்ணின் ஈரத்தைச் சமநிலையில் வைக்கும் டிரெஸ்ஸிங், எல்லாவற்றுக்கும் மேலாக முழங்காலுக்குக் கீழ் கால் முழுவதையும் ஒட்டிப் பிடிக்கும் மாவுக்கட்டு. இந்தக் கட்டு பாதத்தின் முன்பகுதியில் இறங்கும் எடையைக் கால் முழுக்கப் பரப்பிவிடும். அதோடு, நோயாளியால் கழற்ற முடியாது. இரண்டாவது குணம் முதலாவதைவிடக் குறைந்ததல்ல.

காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. சர்க்கரை நோய்ப் பாதப் புண்கள் குறித்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரத்தில் பரப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்த புண்களில் 58 சதவீதம் 12 வாரத்தில் ஆறின. அந்த அளவுக்குக் குறையாதவற்றில் ஆறியவை 9 சதவீதம் மட்டுமே. ஆக, நான்காம் வாரத்தில் பாதியாகிவிடும் புண்ணுக்குப் பெரும்பாலும் கூடுதல் சிகிச்சை தேவைப்படாது. தொடக்கத்திலேயே பி.ஆர்.பி. போட்டிருந்தால், புண் குறைந்தது எதனால் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. பி.ஆர்.பி.க்குக் கிடைக்கும் நற்பெயரில் ஒரு பங்கு உண்மையில் மாவுக்கட்டுக்குச் சேர வேண்டியது என்பது என் நெடுநாள் சந்தேகம்.

அவருக்கு ஏமாற்றம்தான். விளக்கியபோது, "சரி, நாலு வாரம்னா நாலு வாரம். அதுக்கு மேல தள்ளாதீங்க" என்று ஒப்புக்கொண்டார்.

நான்காம் வாரம்

2.8க்கு 2.2 செ.மீ., அதாவது 6.2 சதுர செ.மீ. பரப்பு 26 சதவீதம்தான் குறைந்திருந்தது. ஆழம் 4 மி.மீ. அடியில் மஞ்சள் போய்ச் சிவந்த சதை வந்துவிட்டது. ஆனால் ஓரத்தில் அசைவு இல்லை. புதுத்தோல் உள்நோக்கி நகரும்போது விளிம்பில் ஒரு மெல்லிய இளஞ்சிவப்புப் பட்டை தெரியும், அது இல்லை. இரண்டாவது எக்ஸ்-ரேயிலும் எலும்பு சுத்தம். மாவுக்கட்டு ஒவ்வொரு வாரமும் முழுதாக இருந்தது, அதை ஏமாற்றி நடக்கவும் வழியில்லை.

தொற்று இல்லை, ரத்த ஓட்டம் போதும், எடை இறங்கவில்லை, அப்படியும் புண் நகரவில்லை. பி.ஆர்.பி.க்கு ஏற்ற இடம் இதுதான் என்று முடிவெடுத்தோம். 2018இல் வெளியான ஒரு பெரிய சோதனையும் ஏறத்தாழ இப்படிப்பட்ட புண்களைத்தான் தேர்ந்தெடுத்தது: நான்கு வார வழக்கமான சிகிச்சையில் பாதியாகக் குறைந்தவற்றை விலக்கிவிட்டு, மீதமுள்ள 266 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவில் மட்டும் நோயாளியின் ரத்தத்திலிருந்தே செய்த, வெள்ளணுவும் தட்டணுவும் ஃபைப்ரின் என்ற உறைபுரதமும் சேர்ந்த ஒட்டுப்படலத்தைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அவர்களில் 20 வாரத்தில் ஆறியவை 34 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 22 சதவீதம். அந்தப் படலமும் நாங்கள் போட்ட ஜெல்லும் ஒன்றல்ல என்பதை நோயாளியிடம் சொன்னோம். போட்டாலும் மூன்றில் ஒருவருக்குத்தான் அந்தக் கெடுவுக்குள் ஆறியது என்பதையும் சொன்னோம். அதைக் கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்.

ஆஸ்பிரினை நிறுத்துவதா என்ற கேள்வி எழுந்தது. நிறுத்தவில்லை. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று திரளும் வழிகளில் ஒன்றைத்தான் அடைக்கிறது. நாங்கள் கால்சியம் சேர்த்துத் தூண்டும்போது பிளாஸ்மாவிலேயே திராம்பின் என்ற உறைவு நொதி உருவாகித் தட்டணுவை வேறொரு வழியில் திறக்கும். அதில் சிறிது இழப்பு இருந்தாலும், பாதப் புண்ணுக்காக ஸ்டென்ட் அடைபடும் ஆபத்தை வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. இதய மருத்துவரும் அதையே சொன்னார்.

தயாரிப்பு

ஒவ்வொரு முறையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கலந்த குழாய்களில் 20 மி.லி. ரத்தம். முதல் சுழற்சி 200 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப்போல் 200 மடங்கில், 10 நிமிடம்: சிவப்பணுக்கள் கீழே இறங்கும், மேலே நிற்கும் பிளாஸ்மாவை மட்டும் உறிஞ்சி வேறு குழாய்க்கு மாற்றுவோம். இரண்டாவது சுழற்சி 1,000 ஜி, 10 நிமிடம்: தட்டணுக்கள் அடியில் படியும். மேல்பகுதியை அகற்றிவிட்டு, மீதி 3 மி.லி.யில் அந்தப் படிவை மெல்லக் கரைத்தால் பி.ஆர்.பி. தயார்.

இதில் ஒரு நடைமுறை விஷயம், பல இடங்களில் கவனிக்காமல் விடுவது. கையேட்டில் நிமிடத்துக்கு "1,500 சுற்று" என்று எழுதியிருந்தால் அது பாதித் தகவல்தான். சுழலும் ஆரம் 10 செ.மீ. உள்ள இயந்திரத்தில் அது சுமார் 250 ஜி, 15 செ.மீ. உள்ளதில் சுமார் 380 ஜி. முதல் சுழற்சியில் விசை கூடினால் தட்டணுக்களும் சிவப்பணுக்களோடு கீழே போய்விடும். மேலே எஞ்சுவது வெறும் பிளாஸ்மா, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரு துளியை எடுத்து எண்ணிக்கை பார்த்தோம். முதலாவது 8.4 லட்சம், அவருடைய ரத்தத்தில் இருந்ததைப்போல் நான்கு மடங்கு. இரண்டாவது 4 லட்சத்தைச் சற்றே தாண்டியது. இயந்திரத்தின் பிரேக் முழு வேகத்தில் வைக்கப்பட்டிருந்ததால், நிற்கும் தருணத்தில் குலுங்கிப் பிரிந்த அடுக்குகள் மறுபடி கலந்திருந்தன. பிரேக்கை அணைத்த பிறகு எண்ணிக்கை பழைய அளவுக்கு வந்தது.

குழாய்களில் பெயரை ரத்தம் எடுக்கும் முன்பே ஒட்டி, இரண்டு பேர் சரிபார்த்தார்கள். தன் ரத்தமே தனக்கு என்பதால்தான் இது பாதுகாப்பான சிகிச்சை. குழாய் மாறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

புண்ணைச் சுத்தம் செய்து, உப்புநீரால் மட்டும் கழுவினோம். அன்றைக்கு அயோடின் கிடையாது. பிறகு ஒவ்வொரு மி.லி. பி.ஆர்.பி.க்கும் 0.1 மி.லி. வீதம் 10 சதவீதக் கால்சியம் குளோரைடு சேர்த்து, கெட்டிப்படத் தொடங்கியதும் புண்ணில் நிரப்பினோம். தூண்டிய பிறகு முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தட்டணுக்கள் தம்மிடம் உள்ள வளர்ச்சிக் காரணிகளில் பெரும்பகுதியைக் கொட்டிவிடும். எனவே கலந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போக முடியாது. ஓரங்களில் ஊசியாகச் செலுத்தும் முறையும் உண்டு. மேற்பரப்பில் உள்ள கிருமிகளை ஊசிமுனை உள்ளே கொண்டுபோக இடம் கொடுக்க வேண்டாம் என்று அதைத் தவிர்த்தோம். மேலே ஒட்டாத வலைத்துணி, அதன்மேல் உறிஞ்சும் பஞ்சு, பிறகு புதிய மாவுக்கட்டு. கட்டை வாரம் ஒருமுறை எப்படியும் மாற்ற வேண்டும் என்பதால் பி.ஆர்.பி.யும் வாரம் ஒருமுறை என்று அமைந்தது.

ஐந்து முதல் எட்டாம் வாரம் வரை

முதல் முறைக்குப் பிறகு பெரிய மாற்றம் இல்லை. இரண்டாவதற்குப் பிறகு விளிம்பில் அந்த இளஞ்சிவப்புப் பட்டை வந்தது. எண்ணிக்கை குறைந்த தயாரிப்பைப் போட்ட வாரம் அதுதான், ஆகவே எண்ணிக்கைக்கும் பலனுக்கும் நேர்கோடு போட வேண்டாம். எட்டாம் வார முடிவில் புண் 2.0க்கு 1.4 செ.மீ., 2.8 சதுர செ.மீ., ஆழம் 1 மி.மீ. முதல் நான்கு வாரத்தில் குறைந்தது 26 சதவீதம், இந்த நான்கு வாரத்தில் 55 சதவீதம். சர்க்கரை அளவும் இதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது என்பதைச் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

மாவுக்கட்டைக் கழற்ற நேர்ந்தது

ஒன்பதாம் வாரம் கட்டைப் பிரித்தபோது கணைக்கால் எலும்பின் முன்பகுதியில், கட்டின் மேல் விளிம்பு உரசிய இடத்தில், தோல் உரிந்திருந்தது. உணர்ச்சி இல்லாத காலில் மாவுக்கட்டுக்கு இருக்கும் அறிந்த ஆபத்து இது. மறுபடி கட்டினால் இரண்டாவது புண் உறுதி. எனவே முழங்கால் வரை வரும், கழற்றி மாட்டக்கூடிய நடைபூட்ஸுக்கு மாறினோம். தூங்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருக்கச் சொன்னோம். பி.ஆர்.பி. தொடர்ந்தது, இன்னும் இரண்டு முறை.

பதினோராம் வாரம் புண் 2.1க்கு 1.5 செ.மீ. குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. ஓரத்தில் காய்ப்பு திரும்ப வந்திருந்தது. அதைச் சீவியபோது அடியில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். காய்ப்புக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதென்றால் அந்த இடம் மிதிபட்டிருக்கிறது என்று பொருள். தொற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லை, எலும்பும் தட்டுப்படவில்லை.

பூட்ஸை வாங்கிப் பார்த்தோம். அடிப்பகுதி புதிதுபோல் இருந்தது. குற்றம் சாட்டும் தொனி வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். கேட்டது செவிலியர்தான். "வீட்டுக்குள்ள மட்டும் கழட்டிடுவேன் சிஸ்டர். பாத்ரூம் போக, தண்ணி குடிக்க, நாலு எட்டுதானே. வலிக்கவும் இல்லை" என்றார். ஒரு நாளின் நடையில் கணிசமான பங்கு அந்த நாலு நாலு எட்டுகளில்தான் போகிறது. வலிக்காது என்பதுதான் இந்த நோயின் மையமே.

பி.ஆர்.பி.யை நிறுத்திய முடிவு

குழுவில் இரண்டு கருத்து. ஒன்று, பி.ஆர்.பி. பலன் கொடுத்த சிகிச்சை, எடைப் பிரச்சினையைச் சரிசெய்துகொண்டே தொடரலாம் என்பது. மற்றொன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை என்பது. புண் ஆழமின்றி, அடி முழுக்கச் சிவந்த சதையாக இருந்தது. அதற்குக் குறைவாக இருந்தது வளர்ச்சிக் காரணி அல்ல, ஓய்வு. ஒவ்வொரு முறையும் 20 மி.லி. ரத்தம் எடுப்பது தனியாகப் பார்த்தால் அற்பம்தான், ஆனால் ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவரிடம் காரணம் சொல்ல முடியாமல் எடுக்கக் கூடாது. நான் இரண்டாவது பக்கம் நின்றேன். அதுவே முடிவாயிற்று.

அவருக்கு இதைப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது. "முதல்ல கேட்டப்ப தரல. இப்ப நல்லா வேலை செய்யுதுன்னு பாத்துட்டு நிறுத்துறீங்க." அவர் பார்வையில் நியாயமான கோபம். வார வாரம் எடுத்த புகைப்படங்களை வரிசையாக மேசையில் வைத்துக் காட்டினோம். கடைசி இரண்டு படங்களுக்கும் பி.ஆர்.பி. உண்டு, மாவுக்கட்டு இல்லை. வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தன் பாதம் வலிக்காத வரை அதை நம்ப அவருக்கு வேறு ஆதாரம் வேண்டியிருந்தது, படம் அதைத் தந்தது.

காலின் உரிந்த தோல் அதற்குள் ஆறிவிட்டது. விளிம்பில் மென்பஞ்சு வைத்து, அதே பூட்ஸை மாட்டி, மேலே மாவுக்கட்டுக்குப் பயன்படும் பட்டையைச் சுற்றிக் கழற்ற முடியாததாக்கினோம். சாதாரண பூட்ஸை முழு மாவுக்கட்டுக்கு நிகராக்கும் எளிய வழி இது.

முடிவு

பதினைந்தாம் வாரம் 0.8க்கு 0.5 செ.மீ. பதினெட்டாம் வாரம் மூடியது. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்து, தோல் முழுதாக இருக்கிறது, கசிவு இல்லை என்று உறுதியான பிறகே "ஆறியது" என்று பதிவு செய்தோம். எச்.பி.ஏ.1.சி. அப்போது 8.1.

ஆறிய சர்க்கரை நோய்ப் பாதப் புண்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஓராண்டுக்குள் திரும்ப வருகின்றன. அதனால் முன்பாதத்தில் அழுத்தம் குறையும்படி அடி வளைந்த காலணி செய்து கொடுத்தோம். மாதம் ஒருமுறை காய்ப்பைச் சீவ வருகிறார். ஒன்பதாம் மாதம் வரை புண் திரும்பவில்லை. இடையில் ஒருமுறை காய்ப்புக்கு அடியில் ரத்தப்புள்ளி தெரிந்தது, காலணியின் உள்தகட்டை மாற்றியதும் போய்விட்டது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது

ஐந்து முதல் எட்டாம் வாரம் வரையிலான வேகம் பி.ஆர்.பி.யால் வந்ததாகவே நான் நினைக்கிறேன், ஆனால் ஒரு நோயாளியை வைத்து அதை நிறுவ முடியாது. சர்க்கரையும் ரத்த நிலையும் அதே நாட்களில் மாறிக்கொண்டிருந்தன. நாட்பட்ட புண்களில் பி.ஆர்.பி. பற்றிய மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் 10 சோதனைகள், 442 பேர் என்ற சிறிய அடித்தளத்தில்தான் நின்றது. சர்க்கரை நோய்ப் பாதப் புண்களில் பலன் இருக்கலாம், சான்று வலுவற்றது என்பது அதன் முடிவு. இங்கே கூடுதலாகக் கிடைத்தது எதிர்த்திசைச் சான்று: பி.ஆர்.பி. இருந்தும் எடை இறங்கிய இரண்டு வாரத்தில் புண் பின்வாங்கியது, பி.ஆர்.பி. இல்லாமல் எடை இறங்காத வாரங்களில் மூடியது.

மாற்றிக்கொண்டவை

பி.ஆர்.பி. தொடங்கும் முன்பே நிறுத்தும் விதியை எழுதிவிடுகிறோம்: அடுத்தடுத்து இரண்டு வாரம் பரப்பு குறையாவிட்டால் அடுத்த ரத்தம் எடுக்கும் முன் காரணம் தேடப்படும். எடை, தொற்று, ரத்த ஓட்டம், இந்த வரிசையில். நோயாளிக்கும் அது முதல் நாளிலேயே தெரிந்திருக்கும் என்பதால், நிறுத்தும்போது பறித்துக்கொண்டதுபோல் தோன்றாது.

கழற்றக்கூடிய பூட்ஸை இப்போது யாருக்கும் தனியாகக் கொடுப்பதில்லை. மாவுக்கட்டு முடியாதவர்களுக்குத் தொடக்கத்திலேயே பட்டை சுற்றிய பூட்ஸ்தான். மாவுக்கட்டு போடுபவர்களுக்கு கணைக்கால் எலும்பின்மேல் கூடுதல் பஞ்சு, முதல் கட்டை மூன்றாம் நாளே பிரித்துத் தோலைப் பார்ப்பது. சென்ட்ரிஃபியூஜ் மேல் அதன் ஆரமும், எங்கள் இரண்டு விசைகளுக்கும் உரிய சுற்று எண்ணிக்கையும், "பிரேக் வேண்டாம்" என்ற குறிப்பும் ஒட்டப்பட்டுள்ளன.